விசாக நடையும் தொடை உரசலும்

எனக்குத் தொடை பெரிது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது. இதுவரை யாரிடமும் நானாகச் சொன்னதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், அது வேறு.

பதிமூன்று வயதில், பள்ளிக்கூடத்து நீலப் பாவாடையில் ஆரம்பித்தது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஒன்றரை மைல். கோவில்பட்டியில் பங்குனி பிறந்தாலே தார் ரோடு இளகிவிடும். பாதி வழியிலேயே இரண்டு தொடைகளும் வேர்வையில் ஒட்டி, ஒன்றையொன்று தேய்க்கத் தொடங்கும். முதலில் நமைச்சல், பிறகு எரிச்சல். மூன்றாவது பாடவேளைக்குள் தோல் வழன்று, பாவாடைத் துணி பட்டாலே உயிர் போகும். வலிக்காமல் நடக்க ஒரே வழி, காலை அகட்டி நடப்பதுதான். அப்படி நடந்தால் அம்மா பின்னாலிருந்து அதட்டுவாள். "காலை ஒடுக்கி நட. பொம்பளப்பிள்ள நடக்க நடையா இது?" ஒடுக்கி நடந்துதான் புண்ணே வந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

நானாகவே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கொட்டினேன். பத்து நிமிடம் சொகுசாக இருக்கும், அப்புறம் வேர்வையில் குழைந்து கொழுக்கட்டை மாவாகிவிடும். தேங்காயெண்ணெய் தடவினேன். டவுனுக்குள் அது பரவாயில்லை. காட்டுப் பக்கம் நடந்தால் கரிசல் புழுதி பாவாடைக்குள் ஏறி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். பருத்தி எடுக்க வருகிற பெண்கள் சேலையில் ஒரு பகுதியைக் காலிடுக்கில் கொடுத்துப் பின்னால் இழுத்துச் செருகிக்கொள்வார்கள். தொடைக்கும் தொடைக்கும் நடுவே துணி வந்துவிட்டால் உரசல் ஏது? ஆனால் எங்களுடையது நிலம் வைத்திருக்கிற குடும்பம். எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படிச் செருகக் கூடாது. நிலத்தினால் நான் கண்ட பலன் அது ஒன்றுதான்.

மாதவிலக்கைச் சொல்ல எங்கள் பக்கம் நாலைந்து விதம் உண்டு. 'தூரம்' என்றால் ஆம்பளைகள்கூடப் புரிந்துகொண்டு ஒதுங்கிப் போவார்கள். தொடை உரசலைச் சபையில் சொல்ல ஒரு விதமும் கிடையாது. இந்தச் சின்ன விஷயம்தான் என்னைக் கவிழ்த்தது.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தையில்லை. நானும் என் கணவரும் கோவில்பட்டியில் வாடகை வீட்டில் இருந்தோம். மாமியார் கழுகுமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருந்தார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் அத்தை போன் செய்து, வைகாசி விசாகத்துக்கு நான் திருச்செந்தூருக்கு நடந்து வருவதாகத் தான் நேர்ந்துவிட்டதாகச் சொன்னார். நேர்ந்தது அவர், நடக்க வேண்டியது நான். கூடவே தானும் நடக்கப் போவதாகவும் சொன்னார். முழங்கால் வலிக்காரர், அறுபத்திரண்டு வயது. எப்படி மறுப்பேன்?

நடை கிளம்புகிற நேரத்தில் எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. பதினோரு நாள். வீட்டில் சோதித்துப் பார்க்கிற அட்டையை நான் வாங்கவில்லை. முன்பு இரண்டு தடவை வாங்கி, ஒற்றைக் கோட்டைப் பார்த்துக் குளியலறையில் உட்கார்ந்திருக்கிறேன். கணவரிடமும் சொல்லவில்லை. சாமிக்கு நடந்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பேரம் பேசினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கிராமத்திலிருந்து இருபது பேர் நடந்து வந்தார்கள். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டம், முன்னால் குருசாமி கையில் வேல். கோவில்பட்டியில் காலையில் நான் சேர்ந்துகொண்டேன். பெண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பாலியஸ்டர் சேலை. காற்றும் புகாது, வேர்வையும் உறிஞ்சாது. ஆனால் நான் இந்த முறை முட்டாளாக இருக்கவில்லை. பழைய கறுப்பு லெக்கின்ஸ் ஒன்றை முட்டிக்கு மேலே வெட்டி, உள்பாவாடைக்குள் போட்டிருந்தேன். எட்டயபுரம் தாண்டி, மாலையில் தங்குகிற கல்யாண மண்டபம் வரை நடந்தேன். இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஒரு எரிச்சல் இல்லை. இருபது வருஷமாகப் பட்ட பாட்டுக்கு ஒரு கத்தரிக்கோல் போதுமாயிருந்ததே என்று எனக்குச் சிரிப்பாகக்கூட வந்தது.

மண்டபத்தில் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெல்லக் கேட்டார். "நாளெல்லாம் சரியாப் பாத்துக்கிட்டியா? நடுவழியில தூரமாயிறக் கூடாது, சாமி காரியம்."

"அது இன்னும் வரல்ல அத்தை. பதினோரு நாளாச்சு."

வாய் தவறி வந்ததா, சொல்ல ஆசைப்பட்டுச் சொன்னேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அத்தை என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "மெள்ள நட. ஒம் பைய நான் சுமக்கேன். நேந்த உடனே குடுத்துட்டான் பாத்தியா" என்றார். தன் பங்கு மோரையும் என் டம்ளரில் ஊற்றினார். ஒன்பது வருஷத்தில் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. நாங்கள் இருவரும் சந்தோஷமாக இருந்த ஒரே சாயங்காலம் அது.

லெக்கின்ஸை அலசி மண்டபத்துக் கொடியில், சேலைகளுக்குப் பின்னால் காயப் போட்டிருந்தேன். விடிந்ததும் சேலைகளை எடுத்துவிட்டார்கள், அது மட்டும் தனியாகத் தொங்கியது. கூட்டத்தில் வாய்த்துடுக்கான ஒரு பெண் அதை ஒரு குச்சியில் தூக்கிப் பிடித்தாள்.

"ஏட்டி, இது யாரு டவுசரு? ரெண்டு ஆம்பளையாளு உள்ள நுழைஞ்சிரலாம் போலட்டி!"

எல்லோரும் சிரித்தார்கள். தூணடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஆண்களும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்துக்கொண்டே, "சாமிக்கு நடக்கையில இந்தக் கூத்து வேறயா, தூரப் போடுங்கட்டி" என்றார். நானும் சிரித்தேன். 'என்னுடையதுதான், கொடுங்க' என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதை மண்டபத்துக்குப் பின்னால் வேலிக்கருவையில் எறிந்தார்கள். கிளம்பும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பத்தடி தூரம்கூட இல்லை. போய் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

அன்று காலை எட்டு மணிக்கே வெயில் உறைத்தது. இரண்டு பக்கமும் வெடித்துக் கிடக்கிற கரிசல், ஒதுங்க ஒரு மரமில்லை. தேங்காயெண்ணெய் இருந்தது, தடவியிருந்தேன். லாரிகள் கிளப்பிய புழுதி அதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டது. உள்பாவாடையைக் கொத்தாகப் பிடித்துக் காலிடுக்கில் திணித்துப் பார்த்தேன், நாலடி நடந்தால் நழுவியது. ஒவ்வொரு அடிக்கும் தோல் உரிவது தெரிந்தது. நான் காலை அகட்டி நடக்கத் தொடங்கினேன். அத்தை என் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கர்ப்பிணி அசந்து நடக்கிறாள் என்று நினைத்தார் போல. பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

எப்போதும்வென்றானுக்குக் கிட்டே வந்துவிட்டோம். ஊர்ப் பெயரைப் பாருங்கள். அங்கேதான், எனக்குப் பின்னால் வந்த அதே வாய்த்துடுக்குக்காரி என் முதுகைத் தொட்டு, "ஏக்கா, சேலையில கறை" என்றாள்.

தொடைப் புண்ணில் கசிந்த இரத்தம். உள்பாவாடையைத் தாண்டி மஞ்சள் சேலையில் ஒரு ரூபாய் அளவுக்குப் பட்டிருந்தது.

எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பெண்கள் நகர்ந்தார்கள். குருசாமி வேலோடு ரோட்டின் மறுபக்கம் போனார், ஆண்கள் பின்னாலேயே போனார்கள். யாரும் திட்டவில்லை. அவரவருக்குத் தெரிந்த ஒழுங்குப்படி விலகினார்கள், அவ்வளவுதான். அத்தை மட்டும் நாலடி தள்ளி நின்று கேட்டார்.

"வந்துட்டா?"

இல்லை என்று சொன்னால், பிறகு இந்த இரத்தம் எங்கிருந்து என்று சொல்ல வேண்டும். இருபது பேருக்கு நடுவில், தொடை என்று சொல்ல வேண்டும். காலையில் அந்த டவுசருக்குச் சிரித்தவர்களிடம் அது என்னுடையது என்று சொல்ல வேண்டும். அத்தையைத் தனியே கூட்டிப்போய் ஒரு வேலி மறைவில் காட்டியிருந்தால் தீர்ந்தது. இன்று யோசித்தால் எவ்வளவு எளிது! அன்று எனக்குப் புண்ணைவிட வெட்கம்தான் பெரிதாக எரிந்தது.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அத்தை முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். முந்தின நாள் சாயங்காலம் வந்த வெளிச்சம் அப்படியே வடிந்துபோனது. கிளம்பும்போது என் மணிக்கட்டில் கட்டிவிட்டிருந்த நேர்ச்சைத் துணியை அவிழ்க்கச் சொன்னார். கை படாமல் மேலேயிருந்து அவர் உள்ளங்கையில் போட்டேன். "மிச்சத்த நான் நடக்கேன். உனக்கும் சேத்து நடக்கேன். நீ வீட்டுக்குப் போ" என்றார். கோவில்பட்டி பஸ் வரும்வரை தள்ளியே நின்றார். பஸ் நகர்ந்தபோது, இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு, கூட்டத்தைப் பிடிக்க அந்த முழங்காலோடு ஓட முயன்றதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இன்னும் அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது அவருக்கு.

வீட்டில் மின்விசிறிக்குக் கீழே காலை விரித்துக்கொண்டு மூன்று நாள் கிடந்தேன். கணவரிடமும் தூரம் என்றே சொன்னேன். "சரி, மாசாமாசம் வாரதுதான" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். எழுந்து உட்கார முடிந்ததும், அவருடைய பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து முட்டிவரைக்கும் வருகிற மாதிரி நாலு கால்சட்டை தைத்தேன். உள்பாவாடைக்குள் போட்டுக்கொள்ள. கைத்தையல்தான், ஒன்றுக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பருத்தித் துணி, வேர்வையைக் குடித்துக்கொள்ளும், மேலே ஏறாது. அன்றிலிருந்து இன்றுவரை எனக்குத் தொடை உரசியதில்லை. இவ்வளவுதான் அந்த வியாதிக்கு வைத்தியம். நினைக்க நினைக்க என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

நாலாவது கால்சட்டையைத் தைத்துக்கொண்டிருந்த சாயங்காலம், அடிவயிறு இழுத்துப் பிடித்தது. உண்மையாகவே வந்துவிட்டது. எப்போதும் வருவது போல இல்லை, கட்டிகட்டியாகப் போனது. அது வெறும் தள்ளிப்போன மாதவிலக்கா, இரண்டு வாரம் என்னோடு இருந்த ஒன்றா, எனக்குத் தெரியாது. டாக்டரிடம் போனால் தேதி கேட்பார், கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன தேதி சொல்வது? நடந்ததால் போனதா, நடந்து முடிக்காததால் போனதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் கேட்கிறேன். அதற்கப்புறம் ஒரு தடவைகூட எனக்கு நாள் தள்ளிப் போகவில்லை.

மறுநாள் காலை அத்தை திருச்செந்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். பாதம் இரண்டும் வெடித்து, முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினார். வந்ததும் விரல்விட்டு எண்ணினார்.

"இன்னையோட அஞ்சு நாள். தலைக்கு ஊத்திட்டு வா தாயி, இலை விபூதி கொண்டாந்திருக்கேன்."

எனக்கு அது இரண்டாம் நாள். அந்த நிலையில் நான் விபூதி தொடக் கூடாது. தொடமாட்டேன் என்றால் ஐந்து நாள் பொய்யும் வெளியே வரும். அவர் முழங்காலைப் பார்த்தேன். போய்த் தலைக்குக் குளித்தேன். வந்து, இரத்தப் போக்கோடு அவர் முன்னால் நின்று நெற்றியைக் காட்டினேன். அத்தை விபூதி மடித்த பன்னீர் இலையைப் பிரித்து நெற்றியில் பூசினார், வாயில் கொஞ்சம் போட்டார். பிறகு சேலைக்கு மேலாக என் அடிவயிற்றில் விபூதியோடு கையை வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

அழுகையை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் தோளில் விழுந்து வாய்விட்டு அழுதேன்.

அத்தை என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அலுத்துப் போன குரலில் கேட்டார். "இப்ப எதுக்குத் தாயி அழுதுக்கிட்டு இருக்க? அது போயி அஞ்சு நாளாச்சு. அதுக்கு நான் ரோட்டுலயே நடந்துக்கிட்டே அழுது தீத்துட்டேன்."