சோப்புப் போடும்போது போன சுடுதண்ணி

கல்கத்தாவின் பாலிகஞ்சிலிருந்து கோமதி போன் செய்தபோது குரலிலேயே அழுகை இருந்தது.

"அண்ணே, நீங்க தமிழ்னு மளிகைக் கடையில சொன்னாங்க. எங்கப்பா குளிக்கையில பாதியில சுடுதண்ணி போயி பச்சத்தண்ணியா வருது. மூணு மிஸ்திரி வந்து பாத்துட்டாங்க. சரியாகலன்னா ஊருக்குப் போறேன்னு நிக்கிறாரு. சனிக்கிழமை ரயிலு."

நான் கல்கத்தாவிலேயே பிறந்தவன். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து, இப்போது பெஹாலாவில் குடியிருந்துகொண்டு, வெந்நீர் கீசரும் மோட்டாரும் பழுதுபார்த்துக் காலம் தள்ளுகிறேன். தமிழைவிட வங்காளம்தான் வாயில் சரளமாக வரும். ஆனாலும் யாராவது "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அது என் பலவீனம்.

வீடு மேல்மாடி. டேங்க் போதிய உயரமில்லாமல் தலைக்கு மேலேயே இருப்பதால் தண்ணீருக்கு வேகம் கிடையாது. அதற்காக ஷவருக்கு ஒரு பிரஷர் மோட்டார் வைத்திருந்தார்கள். அதுவும் பச்சைத்தண்ணீர் லைனில் மட்டும். கீசருக்கு டேங்கிலிருந்து நேராக ஒரு குழாய். அரைகுறை வேலை! போட்டவன் கையில் கிடைத்திருந்தால் அவனையே அந்த ஷவருக்கு அடியில் நிறுத்தியிருப்பேன்.

ஷவரைத் திறந்து பார்த்தேன். பக்கெட் நிறைகிறவரை சுடுதண்ணி வந்தது. கீசருக்குள் தெர்மோஸ்டாட், எலிமென்ட் எல்லாம் புதுசு. அந்த மூன்று பேரும் ஆளுக்கொன்றை மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

கோமதி என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள். "அப்பாவுக்கு இங்க பிடிக்கல, தண்ணி மேல பழியப் போடுறாருன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு. எனக்கும் அப்படித்தான் தோணுதுண்ணே. அம்மா போனப்புறம் அங்க தனியாக் கெடக்காரு. இடுப்பு ஆபரேசன சாக்கா வச்சுத்தான் கூட்டியாந்தேன். எங்கூட வச்சுக்கணும்னு எத்தன வருசமா ஏங்குறேன் தெரியுமா?"

அப்பா கருப்பையா, பரமக்குடிப் பக்கத்துக்காரர். கூடத்தில் வாக்கரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, தண்ணி சூடாத்தானே வருது?" என்றேன்.

"அப்ப நான் பொய் சொல்றேனா தம்பி?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. "இல்லங்கய்யா. நீங்க எப்பவும்போலக் குளிங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றேன்.

"அடப்பாவி! குளிக்கிறத வேடிக்கை பாக்கவா கல்கத்தாவுல ஆளு வச்சிருக்காக?"

சொன்னாரே தவிர, துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். குனிந்து மொண்டு ஊற்ற முடியாததால் ஹேண்ட் ஷவர்தான் அவருக்கு. உடம்பை நனைத்தார். ஷவர் கைப்பிடியில் இருந்த பொத்தானை அமுக்கித் தண்ணீரை நிறுத்தினார். சோப்புப் போட ஆரம்பித்தார்.

ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் பரணில் மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. ஷவரை மூடினால் அது தானாக நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் தண்ணீர் வேறெங்கோ போகிறது. கீசர் குழாயைத் தொட்டேன். சற்றுமுன் கை வைக்க முடியாமல் இருந்தது, சில்லென்று ஆகிக்கொண்டிருந்தது.

கைப்பிடியை மூடினாரே ஒழிய, சுடுதண்ணியையும் பச்சைத்தண்ணீரையும் கலந்துவிடும் சுவர் மிக்ஸர் திறந்தபடியே இருந்தது. மோட்டார் தள்ளுகிற பச்சைத்தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. அது மிக்ஸர் வழியாகச் சுடுதண்ணிக் குழாய்க்குள் புகுந்து, கீசரில் இருந்த சூட்டையெல்லாம் டேங்குக்கே திருப்பித் தள்ளிவிட்டது. அதைத் தடுக்க கீசரில், தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற நான்-ரிட்டர்ன் வால்வு உண்டு. போர்வெல் தண்ணீரின் துரு ஏறி, அது திறந்த வாய் மூடாமல் நின்றுபோயிருந்தது. வீட்டில் மற்றவர்கள் குளித்து முடிக்கும்வரை ஷவரை மூடுவதே இல்லை. மிஸ்திரிகளும் அப்படியேதான் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

"ஏங்கய்யா நடுவுல மூடுறீங்க?"

"சோப்புப் போடையில தண்ணி சும்மா ஓடணுமாக்கும்? ஒரு கொடத்துக்கு லாரி பின்னாடி ஓடுன ஊருக்காரன் தம்பி நானு."

குளியலறை வாசலில் நின்ற கோமதி வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னையும் அப்படித்தான்பா வளத்தீங்க. மறந்தே போயிட்டேன்."

புது வால்வு போட்டேன். கீசர் அழுத்தம் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு, மோட்டார் லைனைச் சுடுதண்ணி, பச்சைத்தண்ணீர் இரண்டு பக்கத்துக்கும் பிரித்துக் கொடுத்தேன். வேலை முடிகிறவரை பெரியவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

"பிள்ளைக எத்தன தம்பி?"

"ஒரே மக. பெங்களூர்ல இருக்கா."

"வந்துருன்னு கூப்புடலையா?"

"கூப்புடுறா. வேலை இருக்குதே."

"நானும் அதத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்று சிரித்தார்.

மறுபடி குளித்தார். மூடினார், சோப்புப் போட்டார், திறந்தார். ஆவி பறந்தது.

"அப்ப சனிக்கிழமை போகவேணாம்லப்பா?" என்றாள் கோமதி.

"தண்ணிக்காகவா போறேன்னேன்? நான் சொன்னத வீட்ல ஒருத்தரும் நம்பலையே தாயி. நம்பாத வீட்ல எப்புடி இருக்கிறது?"

கோமதி துண்டை வாங்கி அவர் தலையைத் துவட்டினாள். "தப்புதான்பா" என்றாள்.

"சரி, டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்லு. தை பொறக்கட்டும், பாப்போம்."

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் கையால் திறந்து பார்த்தால் நம் பழக்கத்துக்குள் அகப்படுகிற பழுது மட்டும்தான் தெரியும். புகார் சொல்கிறவர் எப்படிப் புழங்குகிறாரோ அப்படிப் புழங்கவிட்டுப் பாருங்கள். அதற்கு முதலில் அவரை நம்ப வேண்டும்.

படியிறங்கும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது. என் தலையை யார் துவட்டப்போகிறார்கள்? தெருவில் நின்று மகளுக்குப் போன் செய்தேன்.

"என்னப்பா, வேலை நேரத்துல?"

"சும்மாதான். உன் வீட்டு கீசர் ஒழுங்கா ஓடுதாம்மா?"

"நீங்க மாட்டினதுப்பா, அது எங்க கெடப்போகுது? கெட்டாலாவது நீங்க வருவீங்க."