கல்வேலிக்கு வெளியே புதைத்த பிள்ளை

எங்கள் பங்குக் கோவிலின் வரலாறு என்று ஒரு மலர் போட்டிருக்கிறார்கள். உபதேசியாருக்கு அதில் முழுப் பக்கம். சாமியார் வராத காலத்தில் மந்தையைக் கட்டிக் காத்தவர் என்று எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் அவரைப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

இலங்கையில், தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். லயத்து வரிசை வீடுகளில் பாதி வேதக்காரர்கள், அதாவது கத்தோலிக்கர்கள், பாதி சைவர்கள். கோவிலைத் தோட்டத்துத் துரையும் கட்டவில்லை, சாமியாரும் கட்டவில்லை. பால் வெட்டிவிட்டு வந்த சனங்கள் ஆற்றிலிருந்து கல் சுமந்து கட்டினார்கள். சைவர்களும்தான் சுமந்தார்கள். மலரில் அதைக் காணோம்.

வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார் ராச்சியம். செபம் சொல்வது அவர், பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது அவர், சாகக் கிடக்கிற குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர். ஞானஸ்நானம் இல்லாமல் செத்த குழந்தைக்கு மோட்சம் கிடையாது, சேமக்காலையில் புதைக்க இடமும் கிடையாது என்று அவர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். அந்தக் குழந்தைகள் வெளிச்சமில்லாத ஓர் இடத்தில் என்றென்றைக்கும் கிடக்குமாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும். பிரம்பு பிடிக்கிற ஆளின் திருப்தி.

ஒரு மழைக்காலத்தில் எனக்குத் தங்கச்சி பிறந்தாள். பிறந்த மறுநாளே மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அப்பா உபதேசியாரைக் கூட்டி வர தோட்டத்தின் அடுத்த டிவிசனுக்கு ஓடினார். அம்மா காய்ச்சலோடு படுத்திருந்தாள். உதவிக்கு இருந்தது பக்கத்து அறை, பக்கத்துக் காம்பரா என்போம், அங்கே இருந்த பெரியம்மா ஒருத்திதான். சொந்தப் பெரியம்மா இல்லை. சைவக்காரி, நெற்றி நிறையத் திருநீறு. ஆனால் எங்கள் வீட்டு அடுப்படியில் பாதி நாள் அவள்தான் கிடப்பாள்.

குழந்தை நீலம் பாரித்தது. அம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை.

"அக்கா, நீங்க தண்ணி ஊத்துங்கக்கா."

"நானா? நான் உங்க வேதமில்லியே புள்ள. நீ பெத்தவ, நீ ஊத்து."

"தீட்டு ஒடம்போட நான் எப்படிக்கா செய்யிறது? நான் சொல்லித் தாறேன். அப்படியே சொல்லுங்க."

பெரியம்மா கையைக் கழுவிக்கொண்டாள். சிரட்டையில் தண்ணீர் எடுத்தாள். அம்மா ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல அவளும் சொன்னாள். மரியம்மா, நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன், பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே. சொல்லிக்கொண்டே குழந்தையின் தலையில் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை அடங்கிவிட்டது.

உபதேசியார் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார். பெரியம்மாவின் நெற்றியைப் பார்த்தார்.

"துன்னூற பூசிக்கிட்டு நீ ஞானஸ்நானம் குடுத்தியா? நாளைக்கு பூசையும் நீயே வச்சிருவ போல."

"அந்தப் புள்ளதாங்க சொல்லித் தந்துச்சு. அது சொன்னத அப்படியேதான் சொன்னேன்."

"கிளிப்பிள்ளகூடத்தான் சொல்லும். நீ செஞ்சது குளிப்பாட்டுன கணக்குத்தான். ஒரு ஆத்துமாவைக் கெடுத்துப்புட்டியே."

அப்பா அவர் காலில் விழுந்தார். சேமக்காலையில் ஓர் ஓரமாவது கொடுங்கள் என்று கேட்டார். அவர் அசையவில்லை. மரியம்மா என்று பேர் சொல்லவும் கூடாது, அந்தப் பேர் சேரவில்லை என்றார். ரப்பர் சீட்டு அடுக்குகிற பலகைப் பெட்டியில் வைத்து, சேமக்காலையின் கல்வேலிக்கு வெளியே ஒரு ரப்பர் மரத்தடியில் புதைத்தார்கள். மணி அடிக்கவில்லை. செபம் சொல்லவில்லை. கிராமத்திலிருந்து குழி வெட்ட வந்த சிங்களவர் மட்டும் தன் பாஷையில் "பவ், பவ்", பாவம் பாவம், என்று சொல்லிக்கொண்டே மண்ணைத் தள்ளினார். அந்த ஆள் சொன்னது ஒன்றுதான் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த செபம்.

அதற்குப் பிறகு லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பெரியம்மாவைப் பார்த்தால் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள்.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா உபதேசியாரு வந்திருப்பாரு. அவசரக் குடுக்க."

"ஒரு உசிர இருட்டுல தள்ளிப்புட்டா. இனி யார் புள்ளைய தொடப் போறாளோ."

பெரியம்மா தன் குடத்தை நிரப்பிக்கொண்டு போவாள். ஒருநாள் கஞ்சி கொண்டுவந்து எங்கள் வாசலில் நின்றாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கஞ்சிச் சட்டியை வைத்துவிட்டு அவள் போனாள். அம்மா தொடவில்லை. நான்தான் குடித்தேன். அதன் பிறகு அவள் வரவில்லை.

ரப்பர் விலை விழுந்துபோயிருந்த நேரம். தோட்டத்தில் ஆள் குறைக்க வேண்டும் என்று துரை சொல்ல, யாரை அனுப்புவது என்பதைக் கங்காணி முடிவு செய்தார். கங்காணி வேதக்காரர், கோவிலில் முன்வரிசை. லயமே வெறுத்துப் பேசிக்கொண்டிருந்த குடும்பம் கையில் இருக்கும்போது அவர் வேறு யாரைத் தேடப் போகிறார்? பெரியம்மாவும் புருஷனும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். ருவான்வெல்லைப் பக்கம் என்றார்கள், கடல் தாண்டி இந்தியாவுக்கு, ஊருக்கே போய்விட்டார்கள் என்றும் சொன்னார்கள். யாரும் விசாரிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் சாமியார் வந்தார். பூசை முடிந்து ஆட்களை விசாரிக்கும்போது அப்பா மெதுவாக வாயைத் திறந்தார். செத்த பிள்ளைக்காக ஒரு பூசை வைக்க முடியுமா என்று கேட்டார். சாமியார் நடந்ததை முழுக்கக் கேட்டார். யார் ஊற்றினார்கள், என்ன சொன்னார்கள், எந்த எண்ணத்தோடு செய்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். பிறகு உபதேசியார் பக்கம் திரும்பினார்.

"சாவு சமயத்தில் அஞ்ஞானியும் கொடுக்கலாம். திருச்சபை செய்கிறதைச் செய்ய மனது இருந்தால் போதும். இது உமக்கு நான் படிப்பித்தேன் அல்லவா?"

"மறந்துட்டேங்க சாமி" என்றார் உபதேசியார்.

அவ்வளவுதான். அவருக்குத் தண்டனை இல்லை, முழங்காலில் நிற்கக்கூடச் சொல்லவில்லை. அன்று மாலையும் அவர்தான் செபம் சொன்னார். சாமியார் வேலிக்கு வெளியே வந்து அந்த மண்ணை மந்திரித்தார். மணி அடித்தார்கள். குடத்தை நகர்த்திய அதே பெண்கள் வரிசையாக நின்று அழுதார்கள். மரியம்மா என்று உபதேசியாரே உரக்கப் பேர் சொன்னார்.

அம்மா அங்கே வரவில்லை. நான் ஓடிப்போய்த் தேடினேன். ஆளில்லாத பக்கத்துக் காம்பராவின் படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே யாரோ ஆடு கட்டியிருந்தார்கள்.

"அம்மா, பாப்பா மோட்சத்துக்குப் போயிருச்சாம். சாமியே சொல்லிட்டாரு."

"அது அன்னைக்கே போயிருச்சுடி" என்றாள். "அனுப்பி வச்சவளத்தான் நாம தொரத்திட்டோம்."

அந்த வயதில் எனக்கு அம்மா மேல் கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டில் யாரும் பெரியம்மாவை ஒரு வார்த்தை வைது நான் கேட்டதில்லை. அவள் தானாகத்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள், நான் வாசலில் நின்று பார்த்தேன். அம்மா பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, மணி அடிப்பதைப் பார்க்கக் கோவிலுக்கு ஓடினேன்.