எங்க சனம் வுழாது

வயசான காலத்தில் யார் விழுவார்கள், யார் விழமாட்டார்கள் என்பதில் என் அம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது. சட்டைக்காரர்கள் விழுவார்கள். நாங்கள் விழமாட்டோம்.

ராயபுரத்தில் ஆங்கிலோ இந்தியர்களைச் சட்டைக்காரர்கள் என்றுதான் சொல்வோம். நாங்கள் மீன்பிடிக்கிற சனம். "அதுங்குளுது பொறந்ததுலேர்ந்து பூட்சுக்குள்ள வளந்த காலு. நம்பள்து மணல்லயும் அலையிலயும் நின்ன காலு. எங்க சனம் வுழாது," என்று அம்மா வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டே வஞ்சிரத்தைத் துண்டு போடுவாள். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் எடுத்த மீனைத் தலையில் சுமந்து வந்து, தெருமுனையில் கூடையை இறக்கி வைத்து விற்பதுதான் அவள் தொழில். அப்பா போன பிறகு எங்களை வளர்த்ததும் அந்தக் கூடைதான்.

இந்தப் பெரிய கொள்கைக்கு அம்மாவிடம் இருந்த ஒரே ஆதாரம் பக்கத்துப் போர்ஷன் ஆண்ட்டி. ரிட்டயர்டு டீச்சர், சட்டைக்காரர், தனியாக இருந்தார். மகள் ஆஸ்திரேலியாவில். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் பொதுவாக ஒரு முற்றம், அதில் ஒரு அடிபம்பு, ஒரு துவைக்கிற கல், வருஷம் முழுக்கப் பாசி. ஆண்ட்டி என் அம்மாவை 'அக்கா' என்பார். அம்மா அவரை 'ஆண்ட்டி' என்பாள். அதாவது மற்றவள்தான் கிழவி என்று இருவரும் விடாமல் சாதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்தவர்கள்தான்.

ஆண்ட்டி விழுந்தால் தெருவுக்கே தெரியும். "மை காட், விழுந்துட்டேன் மேன்!" என்று ஒரு சத்தம். அப்புறம் பேக்கரிக்காரரிடம் ஒரு தடவை, சர்ச்சில் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை போனில் மகளிடம் ஒரு தடவை என்று அந்த ஒரு விழுதலை வாரம் முழுக்க வைத்து ஓட்டுவார். எங்களுக்குத் தெரிந்து அம்மா ஒரேயொரு முறைதான் விழுந்தாள். ஏலக்கூடத்துத் தரையில் வழுக்கி மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு போட்டார்கள். அதைக்கூட, "அது ஐஸு செஞ்ச வேலை, நான் இன்னா பண்ணுவேன்," என்று தள்ளுபடி செய்துவிட்டாள்.

என் அண்ணன் அப்படித் தள்ளுபடி செய்யவில்லை. எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர் அவன். குவார்ட்டர்ஸில் மூன்றாவது மாடி. மாவுக்கட்டைப் பார்த்து முகம் வெளுத்துப் போய், "இன்னொரு தபா வுழுந்தேன்னு தெரிஞ்சுது, கூடைய ஒடச்சிட்டு உன்ன இட்டுகினு பூடுவேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னால் செய்வான். பாசக்காரன்தான், ஆனால் பயம் வந்துவிட்டால் அவனிடம் பேச முடியாது. அந்த மூன்றாவது மாடியில் மீனும் இல்லை, வாடிக்கையும் இல்லை, பேரம் பேசிச் சண்டை போட ஆளும் இல்லை. அம்மா அங்கே டி.வி. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சர்ச் பள்ளிக்கூடத்தில் முதியோருக்கு இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். துறைமுகத்து ஏஜென்சி ஆபீசில் டைப் அடிக்கிற நான் அன்றைக்கு லீவு போட்டு இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போனேன். சின்ன வயசு லேடி டாக்டர். "போன ஒரு வருஷத்துல கீழ விழுந்தவங்க கை தூக்குங்க," என்றார். சட்டைக்காரர்கள் பக்கம் கைகள் ஜோராக எழுந்தன, கூடவே கதைகளும். எங்கள் பக்கத்துப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தார்கள்.

டாக்டருக்கு ஆச்சரியம். "வெளிநாட்டுலகூட இப்படித்தான் பேசிக்கிறாங்க. வெள்ளைக்காரங்க அதிகமா விழறாங்க, கறுப்பர்கள் கம்மின்னு. ஏன்னு சரியா யாருக்கும் புரியல," என்றார்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வீடு வரும்வரை வாய் மூடவில்லை. "கேட்டியா ஆண்ட்டி? ஒலகம் பூரா உங்க ஆளுங்கதான் வுழுதாம்." ஆண்ட்டி சண்டைக்கே வரவில்லை. "யெஸ் அக்கா, யெஸ் அக்கா," என்று சிரித்துக்கொண்டே நடந்தார். அவர் சும்மா ஒத்துக்கொள்கிற ஆளே கிடையாது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைத்திருக்க வேண்டியது இன்னும் எத்தனையோ. காலையில் பின்பக்கம் தொப்பென்று சத்தம் கேட்கும். "ஐயோ, நான்தான்! நான்தான் விழுந்தேன்!" என்று ஆண்ட்டியின் குரல் வரும். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் ஆண்ட்டி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அம்மா பக்கத்தில் நின்று, "பாத்து நடக்கக் கூடாதா?" என்று திட்டிக்கொண்டிருப்பாள். விழுந்த ஆண்ட்டியின் கவுன் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். விழாத அம்மாவின் புடவை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். நானும் ஆண்ட்டிக்கு முழங்காலில் தைலம் தேய்த்து விட்டுவிட்டு ஆபீசுக்குப் போவேன்.

விழுந்து எழுந்தவர்களுக்குச் சுற்றிப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். விழுந்த இடத்து மண்ணோடு உப்பும் காய்ந்த மிளகாயும் சேர்த்துத் தலையைச் சுற்றி அடுப்பில் போட வேண்டும். தனக்குத் தானே சுற்றிக்கொள்ளக் கூடாது, இன்னொருத்தர்தான் சுற்ற வேண்டும். ஒருநாள் துறைமுகத்தில் ஸ்டிரைக் என்று மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். முற்றத்தில் அம்மா கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஆண்ட்டி கையில் உப்பு மிளகாயோடு அவள் தலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். சுற்றி முடித்து, மறக்காமல் ஒரு சிலுவையும் போட்டுக்கொண்டார்.

"இன்னா நடக்குது இங்க?" என்றேன்.

"யாவாரம் நல்லா கீதுன்னு எல்லா கண்ணும் எம்மேலதான்," என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே. நான் அதையும் நம்பினேன். என்னைப் போல ஒரு மகள் கிடைக்க அவள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு முடிவோடு வந்தான். அம்மாவுக்கென்று கட்டில் வாங்கிப் போட்டுவிட்டானாம். "நீ வுழுற வரைக்கும் இன்னாத்துக்கு காத்துகினு இருக்கணும்? இன்னிக்கே கெளம்பு," என்றான். கீழே உட்காரக்கூட இல்லை. அம்மாவின் முகம் செத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "நானா வுழுறேன்? ஆண்ட்டிதான் வுழுது. அத்த இட்டுகினு போ நைனா," என்று சொல்லிவிட்டு, அவனைப் பிடித்து உட்காரவைத்து வஞ்சிரக் குழம்பு ஊற்றினாள். சாட்சிக்கு ஆண்ட்டியையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.

ஆண்ட்டி நாற்காலியில் தட்டோடு உட்கார்ந்து பிரமாதமாகச் சாட்சி சொன்னார். "அக்கா ரொம்ப ஸ்டெடி மேன். உங்கம்மா ராக் மாதிரி. நான்தான் பொத்து பொத்துன்னு விழறேன். நாங்க விழற ஜாதி. டாக்டரே சொல்லிட்டா." அண்ணனுக்கு முகம் கொஞ்சம் இளகியது. இன்னும் இரண்டு துண்டு மீன் போட்டுக்கொண்டான். அம்மா சந்தோஷமாகக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் அடிக்கப் பின்பக்கம் போனாள்.

தொப்பென்று சத்தம். கூடவே குடம் உருளுகிற சத்தம்.

"ஐயோ, நான்தான்! நான்தான் விழுந்தேன்!" என்று வாயில் சோற்றோடு ஆண்ட்டி கத்தினார்.

அண்ணன் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. எதிரே நாற்காலியில் தட்டோடு உட்கார்ந்திருக்கிற ஆண்ட்டியைப் பார்த்தான். ஆண்ட்டியும் குனிந்து தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். அதற்குள் முற்றத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "ஆண்ட்டிதான் நைனா! ஒண்ணும் இல்ல, நான் தூக்கி வுட்டுட்டேன்!"

முதலில் சிரித்தது யாரென்று நினைவில்லை. நான்தான் என்று நினைக்கிறேன். அண்ணன் எச்சில் கையோடு முற்றத்துக்கு ஓடினான். அம்மா பாசியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், மடியில் குடம். அடி எதுவும் இல்லை. எங்களுக்குப் பின்னால் தட்டும் கையுமாக வந்து நின்ற ஆண்ட்டியைப் பார்த்தாள். "ஏன் ஆண்ட்டி, நீ உள்ள கீறேன்னு எனக்கு ஞாபகமே இல்லியே!" என்றாள். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் பக்கத்திலேயே ஈரத்தில் உட்கார்ந்தான். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை.

"எத்தினி தபாமா?"

"எண்ணல நைனா. நீ கூடைய எடுத்துடுவேன்னு சொன்ன. அதுவும் பூட்டா, காலைல நான் இன்னாத்துக்கு எழுந்துக்கணும், சொல்லு."

அண்ணன் அவள் மடியிலிருந்து குடத்தை எடுத்து ஓரமாக வைத்தான். ஆண்ட்டிதான் பேசினார். "எனக்கு விழறதுல நஷ்டம் இல்ல மேன். மகளுக்குத் தெரிஞ்சா போன்ல ரெண்டு திட்டு திட்டுவா. கூட்டிட்டுப் போகமாட்டா. அதான் அக்கா விழறதை எல்லாம் நான் விழுந்துட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மா பாசியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி அவர் கவுன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மூணாவது மாடில நான் வுழுந்தா, நான்தான்னு சொல்றதுக்கு ஆருடா கீறா?" என்று அண்ணனைக் கேட்டாள்.

அவன் அன்றைக்குத் தனியாகத்தான் எண்ணூருக்குப் போனான். அடுத்த ஞாயிறு இரும்புக் குழாய்களோடும் வெல்டிங் மிஷினோடும் வந்தான். பாசியைச் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, இரண்டு வீட்டு வாசல்படியிலிருந்தும் பம்பு வரைக்கும் பிடித்து நடக்கக் கம்பி அடித்துக் கொடுத்தான். தலைச்சுமை கூடாது, மீன் இனிமேல் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில்தான் வரவேண்டும் என்று ஒரே நிபந்தனை. அம்மா வண்டிக்காரரைப் பாதி ராயபுரம் கேட்கத் திட்டிக்கொண்டே கூடையை அதில் ஏற்றிவிட்டாள். கம்பியில் முதல் நாளே ஆண்ட்டி துணி காயப்போட்டதில் பெரிய சண்டை.

அடுத்த முகாமிலும் அதே டாக்டர்தான். அதே கேள்வியைக் கேட்டார். எல்லோருக்கும் முன்னால் அம்மாவின் கை எழுந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கருவாடு விற்கிறவளின் கை எழுந்தது. அவள் பின்னால் இன்னொன்று. அப்புறம் அந்த வரிசை முழுக்க, காப்புக் காய்த்த கைகளாக எழுந்தன. ஆண்ட்டி மட்டும் அம்மாவின் பக்கத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "போன தடவை இந்தப் பக்கம் ஒருத்தர்கூடத் தூக்கலையே?"

"எங்க சனமும் வுழும் டாக்டரம்மா," என்றாள் அம்மா. "சொன்னா வூட்ல ஒக்கார வெச்சிடுவாங்க. அதான் சொல்லாது."

"அக்கா, போதும், கையை இறக்கு," என்று ஆண்ட்டி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அம்மா இறக்கவே இல்லை.