ஈசானி மூலைக் கண்ணாடி

லைன் வீட்டில் கல்யாணம் நடத்த முடியாது. கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவில் இடிக்கும். மத்திகிரியை ஒட்டிய அந்தத் தெருக்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவர்கள். வீட்டில் பெண் வயதுக்கு வந்தாலும் சரி, பெரியவர் செத்தாலும் சரி, ரோட்டை அடைத்துத்தான் ஷாமியானா போட வேண்டும். டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க, அவசர அவசரமாகத் தாலி கட்டியவர்கள் அந்தத் தெருவில் இருக்கிறார்கள். ஓசூரில் மண்டபங்களுக்கா பஞ்சம்? இருக்கின்றன. இவர்களை நினைத்து யாரும் கட்டவில்லை, அவ்வளவுதான்.

எனவே தெருக்காரர்களே கமிட்டி போட்டார்கள். பழைய ஊர்க்காரரான முனிவேல், ரோட்டை ஒட்டிய தன் நிலத்தின் ஒரு பகுதியைச் சமுதாயக் கூடத்துக்கு இனாமாக எழுதிக் கொடுத்தார். தலைவராகவும் அவரையே உட்கார வைத்தார்கள். கட்டடத்துக்கு டிசைன் போட வெளியே ஆள் தேடவில்லை. ராஜப்பன் மகள் அருணா இருந்தாள்.

ராஜப்பன் ஃபவுண்ட்ரியில் அச்சு மண்ணைக் குழைத்துக் குழைத்தே நெஞ்சுச் சளியை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவர். அவர் மகள் சிவில் படித்து, ஓசூரில் கமலக்கண்ணன் என்பவரின் டிசைன் ஆபீசில் வேலை பார்த்தாள். எத்தனையோ கம்பெனி ஷெட்டுகளுக்குக் கம்பிக் கணக்குப் போட்டிருக்கிறாள். எதிலும் அவள் பெயர் இருக்காது. சமுதாயக் கூடம்தான் அவள் பெயரில் வந்த முதல் வேலை.

கமிட்டி உட்கார்ந்தது. ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒரே குரல்.

“நடுவுல பில்லர் வெக்காத அருணா. மண்டபத்துக்குப் போனா பில்லருக்குப் பின்னாடி உக்காந்து கழுத்த நீட்டிப் பாக்கறதே நம்ம தலையெழுத்தா இருக்குது.”

“கீழ கல்யாணம், மேல பந்தி. அதான் சரி.”

கண்ணாடிக் கடை லால் பாஷா எழுந்தார். ஜன்னல், பாத்ரூம் கதவு, அலுமினியத் தடுப்பு என்று தெருவில் எல்லார் வீட்டுக்கும் அவர்தான். “அருணாம்மா, பொம்பளைங்க உக்கார்ற பக்கம் பெரிய ஜன்னலா போடு. நம்ம பொண்ணு மெஹக் நிக்காஹ் இங்கதான். வேர்த்துப் போச்சுன்னு என் சம்பந்தி சொல்லக் கூடாது பாரு.”

நடுவில் பில்லர் இல்லையென்றால் மேலே சாப்பிடும் ஜனத்தின் பாரம் முழுவதும் ஓரத்து பில்லர்களில்தான் இறங்கும். பில்லர் அதை மண்ணுக்குக் கொடுக்கும். ஆகவே மண்ணைப் பார்க்க வேண்டும். மனையின் நான்கு மூலையிலும் குழி தோண்டச் சொன்னாள் அருணா. மூன்று தோண்டினார்கள். இடுப்பளவு ஆழத்திலேயே கடப்பாரை துள்ளியது. சரளை, அதற்குக் கீழே பாறை. நாலாவதுக்குப் போகும்போது முனிவேல் குறுக்கே வந்தார்.

“அது ஈசானி மூலைம்மா. பூமி பூஜைக்கு முந்தி அங்க கடப்பாரை வெக்கக் கூடாது.”

“ஒரு குழிதானே மாமா?”

“ஒண்ணுன்னாலும் குத்தம் குத்தந்தான். மூணு எடத்துல பாறையக் கண்ட இல்ல? நாலாவது எடத்துல மட்டும் பஞ்சு மெத்தையா இருக்கப் போவுது?”

எல்லோரும் சிரித்தார்கள். அருணாவும் சிரித்தாள். ஊரோடு ஒத்துப் போகாத பெண் என்று பெயரெடுக்க அவளுக்கு ஆசையில்லை. மூன்று குழியை வைத்துக் கணக்குப் போட்டாள். கணக்கில் தப்பில்லை. பூமி பூஜை முடிந்து அஸ்திவாரம் தோண்டிய நாட்களில் அவளுக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை; முனிவேல்தான் கூட நின்று பார்த்துக்கொண்டார்.

ஆவணியில் கூடம் திறந்தார்கள். வாசலில் கிரானைட் கல் பதித்து, நிலம் கொடுத்த முனிவேல் பெயருக்குக் கீழே ‘வடிவமைப்பு: பொறியாளர் ரா. அருணா’ என்று வெட்டியிருந்தார்கள். அவள் அம்மா சாந்தம்மா கடைக்குப் போகிற வழியில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லைத் தொட்டுவிட்டுப் போவாள். “என்னாத்துக்கும்மா இது, கோயிலா?” என்று மகள் கத்தினால், “ஒனக்கு என்னாடி தெரியும்” என்பாள்.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஈசானி மூலையில், பெண்கள் பக்கத்து ஜன்னல் ஓரத்திலிருந்து மேலே பீமை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. பூச்சு விரிசல் ஒரே கோடாக வராது, வலைபோல் வரும். இது சாய்வாக வந்தது. சாய்வாக வந்தால் கீழே எதுவோ இறங்குகிறது.

அருணா பில்லர் ஓரமாக வெளிப்பக்கம் தோண்டச் சொன்னாள். முழங்கை ஆழத்துக்குக் கீழே கறுப்பு மண் வந்தது. கையில் எடுத்து முகர்ந்தாள். கருகிய வாடை. அப்பா வேலைக்குப் போன காலத்தில் ஷிப்ட் முடிந்து வந்து கழற்றிப் போட்ட சட்டையின் வாடை. ஃபவுண்ட்ரியில் இரும்பு ஊற்றிக் கழித்த மண் இங்கே எப்படி வந்தது?

முனிவேலின் மனைவி சரோஜம்மாள் வேலிப் பக்கம் நின்றிருந்தாள். அவளுக்கு அடக்க முடியவில்லை. “நான் அப்பவே சொன்னேன், கெணத்த மூடுன எடத்துல…”

“சும்னிரு!” என்றார் முனிவேல். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடத்தில்தான் வரும். பிறகு தோண்டிய மண்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எங்கப்பன் காலத்துக் கெணறும்மா. சுத்தியும் போர் போட்டாங்க, தண்ணி கீழ போயிருச்சு. காஞ்ச கெணத்துல ஆடு மாடு விழுவுதுன்னு, லாரிக்காரங்க இந்தக் கருப்பு மண்ணக் கொண்டாந்து கொட்டறோம்னதும் சரின்னுட்டாரு. கெணத்த மூடுனவன் குடும்பம் வெளங்காதுன்னு சொல்லுவாங்க இல்ல? அந்தப் பாவம் போவட்டும்னுதான் இந்த எடத்தையே குடுத்தேன். நாலு பேருக்கு நல்லது நடந்தா கழிஞ்சுரும்னு நெனச்சேன்.”

“குழி தோண்டறப்பவே சொல்லியிருக்கலாமே மாமா. பில்லரோட அஸ்திவாரத்தப் பாறை வரைக்கும் எறக்கியிருப்பேனே.”

“சொன்னா ஊருக்குத் தெரியும். மூடுன கெணத்து மேல எவன் வந்து தாலி கட்டுவான்? நீயே சொல்லு.”

அந்தத் தெருவில் எவனும் கட்டமாட்டான் என்பது அவளுக்கும் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு அயோக்கியன் இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். கலப்படம் செய்தவன், கம்பி திருடியவன் என்று ஒருவன் அகப்பட்டால் அவன் வாசலில் போய் உட்காரலாம். அருணாவுக்கு அகப்பட்டவர் பாவத்தைக் கழிக்க நிலம் கொடுத்த ஒரு மனிதர். அவர் வாசலில் உட்கார்ந்து என்ன கோஷம் போடுவது?

ஆபீசில் கமலக்கண்ணனிடம் சொன்னாள். அவர் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“மூணு குழிய வெச்சு டிசைன் பண்ணதுன்னு நோட் எழுதியிருக்கியே, குட். நாம சேஃப்.”

“நாம சேஃப் சார். மேல பந்தியில உக்கார்றவங்க?”

“அருணா, ரிப்பேர் பண்ணச் சொல்லு, சொன்னதுக்கு மெயில் வெச்சுக்கோ. அதுக்கு மேல நீ என்ன, கடப்பாரை எடுத்துட்டுப் போய் நோண்டுவியா?”

ரிப்பேர் பெரிய வித்தை இல்லை. கூடத்தைப் பூட்ட வேண்டும், பீமுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், கறுப்பு மண்ணை எடுத்துவிட்டுப் பாறையிலிருந்து கான்கிரீட்டை ஏற்றி வர வேண்டும். கமிட்டியில் சொன்னாள். கிணறு என்ற சொல்லை முனிவேலுக்காக விட்டுவிட்டு, மண் சரியில்லை என்று மட்டும் சொன்னாள். யாரும் எதிர்க்கவில்லை. செய்துவிடலாம் என்றார்கள். எப்போது என்பதுதான் கேள்வி.

“கார்த்திகையில புக்கிங் இருக்குதும்மா.”

“மார்கழி காலியாதானே இருக்கு?”

“மார்கழியில யாராவது மண்ண வெட்டுவாங்களா? தை?”

“தையில அஞ்சு கல்யாணம் இருக்குது.”

முகூர்த்த மாசத்தில் மண்டபம் காலியில்லை. மண்டபம் காலியாக இருக்கிற மாசத்தில் கடப்பாரை எடுக்கக் கூடாது. வருஷத்தை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அந்த பில்லருக்கு ஒரு மாசம் கிடைக்கவில்லை.

கடைசியில் அருணா ஒரு கண்ணாடித் துண்டு கேட்டாள். லால் பாஷா விரல் அகலத்தில் மெல்லிசாக நறுக்கிக் கொடுத்தார். விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமென்ட் வைத்து அப்பினாள்.

“சுவரு அசைஞ்சா இது உடையும். உடைஞ்ச அன்னைக்கு உள்ள ஒருத்தர் இருக்கக் கூடாது. மாசம் கீசம் பாக்கக் கூடாது. மாமா, வாக்குக் குடுங்க.”

“உடைஞ்சா பூட்டிடறேன்மா. சாவிய ஒன் கையில குடுத்துடறேன்” என்றார் முனிவேல். மனதாரத்தான் சொன்னார்.

அதன்பின் ஞாயிறு தவறாமல் அருணா போய்ப் பார்த்தாள். கண்ணாடி முழுசாக இருந்தது. சரோஜம்மாள் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தாள். தை போயிற்று, பங்குனி போயிற்று. மேலே பந்தி பந்தியாகச் சாப்பிட்டார்கள். கண்ணாடி அசையவில்லை. கறுப்பு மண் இறங்குகிற மட்டும் இறங்கி நின்றுவிட்டது போலிருக்கிறது என்று அருணா எண்ணத் தொடங்கினாள். அப்படியும் நடப்பதுண்டு. ராத்திரியில் தூக்கம் வந்தது. அம்மா கிரானைட் கல்லைத் தொட்டால் அவள் இப்போது திட்டுவதில்லை.

சித்திரையில் லால் பாஷாவும் அவர் மனைவி ஃபகருன்னிசாவும் நிக்காஹ் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார்கள். தெருவில் ராஜப்பனுக்குத்தான் முதல் பத்திரிகை. டீ குடித்தபடி லால் பாஷா சொன்னார்:

“அருணாம்மா, அந்த மூலையப் பத்தி கவலையே படாதே. கண்ணாடிய நான் பாத்துக்கறேன்.”

“என்ன பாத்துக்கறீங்க பாய்?”

“உடைய உடைய மாத்திக்கினு இருக்கேன்ல? ஒரே நாள் விட்டதில்ல. நீ ஞாயித்துக்கெழம வருவேன்னு சனிக்கெழமையே போயி ஒரு பார்வ பாத்துருவேன்.”

அருணாவின் கையில் டம்ளர் இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

“எத்தன தடவ?”

“யார் எண்ணினா? கடையில வேஸ்ட்டா கெடக்கிற துண்டுதானே. நீ காசப் பத்தி நெனைக்காதே. இந்தத் தடவ மெல்லிசு வேணான்னுட்டு டஃபன்ட் கிளாஸா போட்டேன். சுத்தியால அடிச்சாலும் உடையாது. சிமென்டு விட்டுப் போவுதுன்னு சிலிக்கான் வெச்சு ஒட்டியிருக்கேன். சுவரு அசைஞ்சாலும் அது ரப்பராட்டம் இழுத்துக் குடுக்கும்.”

ஃபகருன்னிசா பெருமையாகச் சொன்னாள்: “சொந்த வீட்டு வேலை மாதிரி செய்றாரும்மா.”

அருணா கூடத்துக்கு ஓடினாள். குங்குமத்தைத் துடைத்துப் பார்த்தாள். தடித்த கண்ணாடி, வழவழவென்று இருந்தது. விரிசல் அதற்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்து, பீமைத் தொட்டிருந்தது. ஞாயிறுதோறும் அவள் கண்ணாடியைத்தான் பார்த்தாள். அதற்கு மேலே கல்யாண அலங்காரத்துக்குக் கட்டிய ஜரிகைத் திரை தொங்கியது. அதை விலக்கிப் பார்க்க அவளுக்குத் தோன்றவேயில்லை.

முனிவேலிடம் போய்க் கை நீட்டினாள். “சாவி குடுங்க மாமா. கண்ணாடி உடைஞ்சிருக்குது. ஒரு தடவ இல்ல, பல தடவ.”

முனிவேல் அவளோடு வந்து மூலையில் நின்று பார்த்தார். கண்ணாடியை விரலால் தட்டியும் பார்த்தார்.

“நல்லாத்தானேம்மா இருக்குது?”

“இது வேற கண்ணாடி மாமா. உடையாத கண்ணாடி.”

“அதான் நல்லதுதானே?”

அவள் விளக்கினாள். அவர் புரியாத மாதிரி நடிக்கவில்லை. புரிந்தது. புரிந்ததும் முகம் சுருங்கியது. “ஞாயித்துக்கெழம பாயி பொண்ணு நிக்காஹ்மா. வெளியூரு உறவுக்கெல்லாம் பத்திரிகை போயாச்சு. இப்ப பூட்டினா எதுக்குப் பூட்டினன்னு கேப்பாங்க. பாயி நம்மாளு இல்லன்னு பூட்டிட்டான்னு சொல்லுவாங்க. நா அந்தப் பேர எடுக்கணுமா? இந்த ஒண்ணு முடியட்டும்.”

லால் பாஷாவிடமே நேராகச் சொன்னாள். கிணறு என்றும் சொல்லிவிட்டாள். வேறு மண்டபம் பாருங்கள் பாய், கெஞ்சிக் கேட்கிறேன் என்றாள்.

“ரோட்டுல ஷாமியானா போடச் சொல்றியாம்மா? சம்பந்திகிட்ட எங்க ஊரு மண்டபம், எங்க பொண்ணு கட்டினதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.” எங்க பொண்ணு என்றது அருணாவை. “கூட்டம் அந்த மூலையில சேராம பாத்துக்கறேன். இன்ஷா அல்லா, ஒண்ணும் ஆவாது.”

ஞாயிற்றுக்கிழமை அருணா விடிந்ததும் போய், ஈசானி மூலையில் கிடந்த நாற்காலிகளை எல்லாம் அடுக்கி எதிர்ப்பக்கம் தள்ளினாள். வெயில் ஏற ஏறப் பெண்கள் வந்தார்கள். பெரிய ஜன்னல் அங்கேதான். அவள் போட்ட ஜன்னல். காற்று அங்கேதான் வந்தது. நாற்காலிகளைப் பழையபடி இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். “இந்தப் பக்கம் வாங்கக்கா, இங்க ஃபேன் இருக்கு” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். “ஃபேன் காத்து ஒத்துக்காதும்மா” என்றாள் ஒரு அம்மாள். கூட்டத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன லால் பாஷா சம்பந்தி வீட்டாரை வரவேற்று வாசலில் நின்றார். அவர் பார்வை அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

மாடியில் முதல் பந்தி உட்கார்ந்தது. பெஞ்சுகளை இழுக்கும் சத்தம் தளத்தில் கேட்டது. மூலையில் இருந்த பெண்கள் கைக்குழந்தைகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அருணா ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து அவர்களுக்கு நடுவே, விரிசலுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தாள்.

ஃபகருன்னிசா வேர்க்க விறுவிறுக்க வந்தாள். “நீ ஏம்மா இங்க ஒதுங்கி உக்காந்திருக்க? மேல போய் சாப்பிடு.”

“இருக்கட்டும்கா. கடைசிப் பந்தி முடியட்டும்.”

சுவரில் கண்ணாடி முழுசாக இருந்தது. சரோஜம்மாள் காலையிலேயே வந்து அதற்கு ஒரு முழம் மல்லிகை சாத்திவிட்டுப் போயிருந்தாள்.