சத்தமில்லாத டிவியும் எதிர்க்கடைத் தையல்காரியும்

ஒற்றை ஸ்க்ரூடிரைவரோடு பிழைக்க வந்தவன் நான். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. இன்று என் கடையில் சுவர் முழுக்க டிவி. என் கை படாமல் ஒன்றும் வெளியே போகாது. அப்படிப்பட்டவன் எதிர்க்கடைத் தையல்காரியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், வயிறு எவ்வளவு எரிந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புருஷன் விட்டுப் போனபின் தலையணை உறை தைத்துத் தலையெடுத்தவள். உழைப்பாளி, மறுக்க மாட்டேன். வாயில் எப்போதும் குண்டூசி, தலை எப்போதும் மிஷின்மேல். கடையில் ஒரு பழைய டிவி. படம் வரும், சத்தம் வராது. நிமிர்ந்து பார்க்க நேரமில்லாததால், துணி கொடுக்க வந்தவர்களிடம் உதட்டோரமாகக் கேட்பாள்: “என்னக்கா சொல்றா அவ?”

அவ்வளவுதான். மாமியாரோடு மல்லுக்கட்டுகிறவள், பீரோ சாவியைக் கேட்கிறாள் என்பாள். மகளைக் கட்டிக்கொடுத்தவள், போய்விட்டு வருகிறேன் என்கிறாள் என்று கண்ணைத் துடைப்பாள். திரையில் ஒரே முகம், ஒரே வாயசைப்பு. கடை கலகலக்கும். அந்தக் கூட்டத்தில் என் மனைவி, இங்கே இத்தனை டிவியை விட்டுவிட்டு.

கல்லூரியில் ஊடகம் படிக்கிற என் மகளும் அங்கேதான். டிவி சொல்வதை ஜனங்கள் அப்படியே விழுங்குவதில்லையாம். தாங்கள் யாரோ, தங்கள் பிழைப்பு என்னவோ, அதை வைத்துத்தான் அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்களாம். பெரிய பெரிய ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்களாம். அதைப் பார்க்க அப்பன் கடை ஆகாதா என்றேன்.

“உங்க கடையில எல்லாரும் விலையத்தானேப்பா பாக்குறாங்க.”

விடுவேனா? சாமான்களை எடுத்துக்கொண்டு போய், காசு வாங்காமல் ஸ்பீக்கரை மாற்றி, அந்த டிவியைக் கணீரென்று பேசவைத்தேன். கூட்டம் வாயடைத்து உட்கார்ந்தது. சற்றுப் பொறுத்து ஒருத்தி, உலை வைக்க வேண்டும் என்று எழுந்தாள். பின்னாலேயே இன்னொருத்தி. அடுத்தது என் மனைவிதான் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

தையல்காரி வாயிலிருந்து குண்டூசிகளை எடுத்தாள். “கைராசிக்காரர்ண்ணே நீங்க” என்றாள். என்றவள், எழுந்துபோய்ச் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு மறுபடி மிஷினுக்கு வந்தாள். “அந்த ஆளு என்னண்ணே சொல்றாரு?”

திரையில் ஒருவன் வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தான். யோசிக்காமல் சொன்னேன்: “வீட்டுக்கு வாங்களேண்டின்னு கெஞ்சுறான்.”

என் மனைவி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “இவருக்கு ஒண்ணும் தெரியல. அவன் காப்பி கேக்குறான்.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

காப்பி கேட்கிற முகமா அது? டிவிக்குள்ளேயே குடியிருந்தவன் சொல்கிறேன், இல்லவே இல்லை. அடுத்த காட்சியில் தெரிந்துவிடும் என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.