சவுக்கங்காட்டில் முப்பத்தாறு தடிகள்

என் மருமகளுக்குத் தமிழில் மூன்று சொற்கள் தெரியும். "ஓம்", "போதும்", "நடப்பம்." சம்மதம் சொல்லும் முதலாவதை என் மகனிடம் கற்றாள். இரண்டாவதை என் குசினியில், இடியப்பத் தட்டுக்கு முன்னால் இருந்து தற்காப்புக்காகக் கற்றாள். மூன்றாவது அவளுடைய சமயம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆராதனைக்குப் போவதுபோல அவள் சுவிஸில் மலைக்குப் போவாள். இருபது வருடத்துக்கு முன்னால் பதினெட்டு வயதில் இங்கிருந்து புறப்பட்ட என் மகனையும் அந்தச் சமயத்துக்கு மாற்றிவிட்டாள்.

உடுப்பிட்டியில் அந்தச் சமயம் எடுபடாது. இங்கே நடந்து போகிறவருக்கு ஒன்றில் சைக்கிள் காற்றுப் போயிருக்க வேண்டும், அல்லது வீட்டில் சண்டை நடந்திருக்க வேண்டும். கலியாணம் முடித்து முதல்முறை வந்தபோது மருமகள் காலையில் தனியாக நடக்கப் போனாள். சந்திக்குப் போவதற்குள் மூன்று மோட்டார் சைக்கிள்கள் நின்று "ஏறுங்கோ" என்றிருக்கின்றன. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரக்காரர் ஒருவர் பெட்டியில் உரப்பைகளைத் தள்ளி இடம் பண்ணியிருக்கிறார். அவள் வீடு திரும்புவதற்குள் பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் வந்துவிட்டார்.

"ரீச்சர், பிள்ளை தனிய நடந்து போகுது. வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

மருமகள் நான்கு நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு இருவரும் நடக்க இடம் உள்ள மலைநாட்டுக்குப் போய்விட்டார்கள். நான்கு நாள் எங்களுக்கு, பத்து நாள் தேயிலைக்கு. கேற் வாசலில் சிரித்துக் கையசைத்துவிட்டு உள்ளே வந்து ஒரு கிழமை என் மனுசனை ஏசினேன். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. ஆனால் வீட்டில் ஏசுவதற்கு அவர்தான் இருந்தார்.

இந்த முறையும் அதே கணக்கில் வருவதாகத்தான் மகன் தொலைபேசியில் சொன்னான். மலைநாட்டில் அறைகூடச் சொல்லி வைத்தாயிற்று. அந்தப் பத்து நாளையும் தேயிலையிடமிருந்து பறிப்பது என்று அன்றே முடிவெடுத்தேன். இருபது வருடத்தில் அவனை நேரில் கண்ட நாட்களைக் கூட்டினால் ஒரு பள்ளித் தவணை வராது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு என் பிள்ளை வேண்டும். மருமகளுக்கு நடக்க ஒரு பாதை வேண்டும். பாதை இல்லாவிட்டால் நான் போட வேண்டியதுதான். முப்பது வருடம் பூமிசாத்திரம் படிப்பித்தவள் நான். வரைபடம் இல்லாமல் சந்தைக்குப் போனதில்லை.

இடம் என் மனதில் இருந்தது. மணற்காட்டுப் பக்கம், கடலுக்கு முன்னால், மணல் மேடுகளை மூடி நிற்கும் சவுக்கங்காடு. காட்டுக்கு முன்னால் கோடையில் காய்ந்து மஞ்சளாகிய புல்வெளி. உள்ளே போனால் நிழல். காற்றில் சவுக்கு ஊசிகள் எழுப்புகிற இரைச்சலைக் கேட்டு மழை வருகிறதென்று நான் எத்தனையோ தடவை ஏமாந்திருக்கிறேன். மேட்டில் ஏறினால் கடல் நீலமாகத் தெரியும். விறகு பொறுக்கும் பெண்களையும் ஆடுகளையும் விட்டால் அங்கே நடமாட்டம் குறைவு. மோட்டார் சைக்கிள் மணலில் புதையும், ஆகவே "ஏறுங்கோ" என்று கேட்க ஒருவராலும் முடியாது. இதைவிட என்ன வேண்டும்?

காட்டுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் போய்க் கேட்டேன். மரத்துக்குப் பெயின்ற் பூசக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, கிளை முறிக்கக்கூடாது என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில் என் முகத்தைப் பார்த்து இரங்கி, "சின்னத் தடி ஊண்டினியள் எண்டால் நான் காணேல்லை, ரீச்சர்" என்றார்.

எப்படிப்பட்ட தடி? அதற்கும் என்னிடம் விடை இருந்தது. மருமகள் ஒரு மலையில் மரத்தடியில் நிற்கும் படத்தை மகன் அனுப்பியிருந்தான். மரத்தில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பட்டை பூசியிருந்தது. அது என்ன என்று அப்போது கேட்டிருந்தேன்.

"அதுதான் அம்மா, மலைப் பாதைக்கு அடையாளம். அந்தச் சிவப்பையும் வெள்ளையையும் பாத்துக்கொண்டு போனால் வழி தவறாது. கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம்."

அந்தச் சிவப்பையும் வெள்ளையையும் என் மருமகள் கண்டால் சொந்த ஊருக்கு வந்தது போல் மகிழ்வாள் அல்லவா? முழங்கால் உயரத்தில் முப்பத்தாறு தடி வெட்டுவித்தேன். பின்வளவில் அடுக்கி, அடிமட்டம் வைத்து அளந்து, தலைப் பக்கம் சிவப்பும் அதன் கீழ் வெள்ளையும் பூசினேன். பாடசாலையில் பிள்ளைகளை வதைத்த அதே ஒழுங்குதான்.

மனுசன் பத்திரிகையோடு வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சரும், உந்தத் தடியளைப் பாக்க எனக்கு ஏதோ ஞாபகம் வருது. என்னெண்டுதான் பிடிபடேல்லை."

"மிட்டாயாயிருக்கும். சீனி வருத்தக்காரருக்கு வேறை என்ன ஞாபகம் வரும்?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அந்த மனிதரை அன்று இன்னும் ஐந்து நிமிடம் யோசிக்க விட்டிருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை.

அவர்கள் வருவதற்கு ஒரு கிழமைக்கு முன்னால், விடிந்தும் விடியாமலும், தடிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனேன். வழக்கமாக வரும் ஓட்டோக்காரத் தம்பி தெருவோரம் ஓட்டோவை நிறுத்திவிட்டு அதிலேயே தூங்கிப்போனான். நான் தனியாக, ஐம்பது அடிக்கு ஒன்றாக, புல்வெளியில் தொடங்கி, சவுக்குக்குள் புகுந்து, மேட்டு உச்சிவரை ஊன்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். நடுவில் ஒருநாள் தடி சரிந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். ஒரு தடியும் சரியவில்லை. ஆடு இல்லை. விறகுப் பெண்கள் இல்லை. படம் எடுக்க வரும் பெடியள்கூட இல்லை. காடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கண்டதில்லை. மருமகளுக்காகக் கர்த்தரே பார்த்துச் செய்திருக்கிறார் என்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

வந்த மறுநாளே இருவரையும் ஓட்டோவில் ஏற்றினேன். "ஒரு இடத்துக்குப் போறம்" என்று மட்டும்தான் சொன்னேன். தெருவோரம் இறங்கியதும் நான் முன்னால் நடந்தேன். முதல் தடியைத் தாண்டினேன். இரண்டாவதையும் தாண்டினேன். பின்னால் மருமகள் தடியைக் கண்டு சந்தோசத்தில் ஏதோ கத்துவது கேட்டது. பெருமையில் எனக்குக் கழுத்து நீண்டது. மூன்றாவது தடியில் நின்று, கடலின் பக்கம் கையைக் காட்டித் திரும்பினேன்.

என் மகன் முதல் தடிக்கு அந்தப் பக்கமே நின்றான். அடி எடுத்து வைக்கப்போன மருமகளை ஒரு கையால் மறித்துப் பிடித்திருந்தான். மற்றக் கை என் பக்கம் நீண்டிருந்தது.

"அம்மா, நில்லுங்கோ. அசையாதேங்கோ. நிண்ட இடத்திலையே நில்லுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாம்பு என்று நினைத்தேன். அப்போது தெருவிலிருந்து ஒரு குரல். தலையில் வெறும் சாக்கைச் சுமந்துகொண்டு வந்த விறகுக்காரப் பெண் சாக்கையும் போட்டுவிட்டுக் கத்தினாள்.

"ஐயோ ரீச்சர்! உள்ளுக்கை போகாதேங்கோ! மிதிவெடி! தடி ஊண்டிக் கிடக்கு, தெரியேல்லையோ? ஒரு கிழமையா நாங்கள் விறகுக்கும் போகேல்லை. ஆடும் கட்டிப்போட்டுத்தான் கிடக்குது."

குனிந்து பார்த்தேன். முழங்கால் உயரம். தலையில் சிவப்பு, கீழே வெள்ளை. மிதிவெடி அகற்றுகிறவர்கள் எல்லைக்கு ஊன்றுகிற அதே தடி. இந்தக் குடாநாட்டில் அதை அறியாத பிள்ளை இல்லை, கோழிகூட இல்லை. எத்தனை வருடம் பஸ் யன்னலால் அவற்றைப் பார்த்தபடி போய் வந்தவள் நான்! மகன் வருகிறான் என்ற நினைப்பில் என் மூளை எங்கே போயிருந்ததோ தெரியாது. ஓட்டோக்காரத் தம்பி அதற்குள் ஓட்டோவைத் திருப்பி, எஞ்சினையும் இயக்கிவிட்டிருந்தான். மனுசனுக்கு வராத ஞாபகமும் எனக்கு அந்த இடத்தில் வந்து சேர்ந்தது.

"தம்பி, இது நான் ஊண்டினது! என்ரை கையாலை பெயின்ற் பூசினது!" என்று மகனிடம் சொல்லி, நம்பட்டும் என்று பக்கத்துத் தடியைப் பிடுங்கிக் காட்டினேன். அதைவிட மோசமான காரியத்தை நான் செய்திருக்க முடியாது. "தொடாதேங்கோ!" என்று அவன் போட்ட சத்தத்தில் சவுக்கிலிருந்த காகங்கள் எல்லாம் கிளம்பின.

"வந்த அடியிலையே திரும்பி வாங்கோ, அம்மா. என்னைப் பாத்துக்கொண்டு. மெல்ல."

அந்த வார்த்தைகள் எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அவை என்னுடையவை. சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் பள்ளிக்கூடங்களில் மிதிவெடி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். எங்கள் பாடசாலையில் அது என் தலையில் விழுந்தது. சிவப்பைக் கண்டால் நில். தொடாதே. வந்த அடியிலேயே திரும்பு. மூன்றாவது வாங்கு வரிசையில் என் மகன் இருந்தான். முப்பது வருடம் படிப்பித்த மழைவீழ்ச்சியையும் மண்வகையையும் ஒரு பிள்ளையும் நினைவில் வைத்திருக்கவில்லை. இந்த ஒரு பாடத்தை மட்டும் ஒருவன் கடல் கடந்து கொண்டுபோய் ஒரு சொல் பிசகாமல் கொண்டுவந்திருந்தான். பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. வந்த அடியிலேயே திரும்பி நடந்தேன்.

"நான்தான் ஊண்டினனான், தம்பி. சத்தியமா."

"விளங்குது அம்மா. நீங்கள் சொல்லுறது வடிவா விளங்குது. கால்தான் கேக்குதில்லை."

சுவிஸில் ஒவ்வொரு ஞாயிறும் அதே சிவப்பையும் வெள்ளையையும் பார்த்துத்தான் நடக்கிறான். அங்கே அது வழி. இந்த மணலில் கால் வைத்ததும் வேறு ஒன்றாகிவிட்டது. மருமகள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விறகுக்காரப் பெண்ணுக்கு விசயம் விளங்க, அவளுக்கு வந்தது கோபம்.

"படிச்ச நீங்கள் செய்யிற வேலையே இது, ரீச்சர்? என்னை விடுங்கோ, என்ரை ஆடுகள் உங்களை மன்னியாது!"

அன்று ஒருவரும் நடக்கவில்லை. வீட்டில் மகன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். மனுசன் மட்டும் மெல்லக் கிட்ட வந்து, "இப்ப ஞாபகம் வந்திட்டுது" என்றார். நான் பார்த்த பார்வையில் அவர் கிணற்றடிக்குப் போய்விட்டார். நான்கு நாள்கூட நிற்கமாட்டார்கள், காலையிலேயே புறப்பட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு பெட்டிகளைப் பார்க்காமலே படுத்தேன்.

காலையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது மகன் சொன்னான்.

"அம்மா, மலைநாட்டிலை சொல்லி வைச்ச றூமை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டம்."

"ஏன் தம்பி?"

"நீங்கள் பிடுங்கினது போக முப்பத்தைஞ்சு தடி நிக்குது. அதை நான்தான் பிடுங்கோணும்."

எனக்கு வந்த சந்தோசத்தை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது. பிள்ளை பயந்துபோய் இருக்கிறான், தாய்க்காரி பத்து நாள் கிடைத்ததென்று மனதுக்குள் துள்ளுகிறாள். முகத்தை மறைக்க அவனுக்கு இன்னும் இரண்டு தோசை போட்டேன். "போதும்" என்று மருமகள் அவனுக்காகச் சொன்னாள்.

முதல் நாள் இரண்டு தடிதான். நான் முன்னால் போனேன், அவன் என் அடிகளுக்குள் தன் காலை வைத்துப் பின்னால் வந்தான். தடியைத் தொடுவதற்கு முன்னால் கையைச் சட்டையில் துடைத்தான். அடுத்த நாள் மூன்று. மருமகள் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. விறகுக்காரப் பெண்களோடு காட்டின் மற்றப் பக்கத்தால் புகுந்துவிட்டாள். மூன்றாம் நாள் தலையில் விறகுக் கட்டோடு வெளியே வந்தாள். ஊருக்கே அவள் செல்லப் பிள்ளையானாள். என்னை மட்டும் ஆடுகள்கூட முறைத்துப் பார்த்தன.

பிடுங்கிய தடிகளை வீணாக்காமல் மனுசன் பயற்றங்கொடிக்கு ஊன்றினார். பிறகு தபால்காரர் கேற்றடியில் நின்று மணி அடித்தாரே ஒழிய உள்ளே வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் கதைத்தார். நாலு நாள் எங்கள் வீட்டில் நல்ல நிம்மதி.

புறப்படுவதற்கு முதல் நாள் மேட்டு உச்சியில் கடைசித் தடியை மகன் பிடுங்கினான். இந்தத் தடவை கையைத் துடைக்கவில்லை. மூவரும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தோம். திரும்பும்போது பார்த்தால் கீழே ஓர் அடையாளமும் இல்லை. மஞ்சள் புல்லும் மணலும் சவுக்கு மரங்களும்தான். எந்தப் பக்கம் என்று மருமகள் கையால் கேட்டாள். பாதை போட்டவள் நான், எனக்கே சட்டென்று பிடிபடவில்லை.

"இஞ்சாலை வாங்கோ" என்று சொல்லிவிட்டு மகன் முன்னால் இறங்கினான். தடியைத் தோளில் வைத்துக்கொண்டு, புல்லையும் பார்க்காமல், மனைவிக்கு ஏதோ சொல்லிச் சிரித்தபடி போனான். அவள் அவனுக்குப் பக்கத்தில் ஓடினாள். நான் பின்னால் வந்தேன். அவனுக்குச் சப்பாத்து பெரிது, அடிகளும் அகலம். அந்த அடிகளுக்குள்ளேயே, ஒன்றும் தவறாமல், என் செருப்பை வைத்து வைத்து நடந்து வந்திருக்கிறேன் என்பது தெருவில் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.