இலவச ரவுட்டரின் மாத வாடகை

சுரங்க ஊரான நந்திதுர்க்கில் நாகேஷுக்கு இருந்த ஒரே பெருமை, அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போவதில்லை என்பதுதான். அவனோடு படித்தவர்கள் இருட்டோடு இருட்டாக ரயிலில் தொங்கிக்கொண்டு போய், பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்புகிறவர்கள். அவனும் அப்படிப் போனவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மகள் அவனை விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்றோடு ரயிலை விட்டான். கடைவீதியில் ரகு என்பவன் இன்டர்நெட் ஆபீஸ் வைத்திருந்தான். அப்பா நடத்திய கேபிள் டிவி தொழில்தான், இவன் கையில் வைஃபை ஆகியிருந்தது. அங்கே கேபிள் இழுக்கவும் பழுது பார்க்கவும் நாகேஷ் சேர்ந்தான். சம்பளம் குறைச்சல். ஆனால் மத்தியானச் சோறு வீட்டில்.

அவன் வீடு, சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் 'நூறு' என்பார்கள். சுவர் அவ்வளவு மெலிசு. வைஃபைக்கு அதுவே வசதியாகப் போயிற்று. அந்த வரிசையில் அடுத்தடுத்த நான்கு வீட்டுக்கும் சேர்த்து ரத்தினம்மா என்பவள் வீட்டில் ஒரு கனெக்‌ஷன். ரவுட்டரை நான்கு வீடும் பங்கு போட்டு வாங்கினார்கள். மாதம் ஒரு வீடு முறைவைத்துப் பணம் கட்டும். தெருக்குழாய்க்கு எப்படி முறையோ அப்படித்தான் இதற்கும். ஆயுத பூஜையன்று ரத்தினம்மா அந்த ரவுட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் ரகு 'இலவச ரவுட்டர்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தான். பழைய ரவுட்டரைக் கொடுத்துவிட்டால் புதியது சும்மா கிடைக்கும். ஆனால் 'பராமரிப்பு' என்று மாதம் நூற்றைம்பது ரூபாய் பில்லில் ஏறும். ஒரு வருடம் முடிவதற்குள் ரவுட்டரின் விலை திரும்பி வந்துவிடும். அதற்குப் பிறகும் அந்தப் பணம் நிற்காது. கனெக்‌ஷன் இருக்கும் வரை ஏறிக்கொண்டே இருக்கும், ரவுட்டர் மட்டும் ஒருநாளும் வீட்டுக்காரருக்குச் சொந்தமாகாது. இதற்குக் கைம்மாறு, பழுது வந்தால் ஆபீஸில் உட்கார்ந்தபடியே சரிசெய்து கொடுப்பார்கள்.

நாகேஷ் இதை நல்லது என்றே நம்பினான். தன் லைனில்தான் முதலில் மாட்டினான்.

"நின்னுபோனா என்னைத் தேடி அலைய வேணாங்கா. ஆபீஸ்லேர்ந்தே பாத்துப்பாங்க" என்றான்.

"நீ சொன்னா சரிப்பா" என்று ரத்தினம்மா பழைய ரவுட்டரைக் கழற்றிக் கொடுத்தாள்.

ரவுட்டர் சொந்தமாக இருந்தவரை ஆபீஸுக்குத் தெரிந்தது ஒரு பெட்டி மட்டும்தான். அதற்குப் பின்னால் எத்தனை போன் என்று தெரியாது. ஆபீஸ் ரவுட்டர் வந்த பிறகு எல்லாம் தெரிந்தது. ரகு ஒருநாள் நாகேஷைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். ரத்தினம்மா பெயருக்குக் கீழே போன்கள் வரிசையாக நின்றன.

"இன்னாப்பா இது, வீடா சத்திரமா?"

"லைன் வீடுண்ணா. பக்கத்து வீட்டுங்களும் போடும்."

"பக்கத்து வீட்டுக்கெல்லாம் ஊத்தறதுக்கு நான் இன்னா கூழா காச்சறேன்? வீட்டுக்கு வீடு கனெக்‌ஷன் எடுக்கட்டும்."

அதைச் சொல்வது அவன் உரிமை. நாகேஷ் அதை மறுக்கவில்லை. "சரிண்ணா, நேராவே சொல்லிடறேன்" என்றான்.

"நேரா சொன்னா சண்டைக்கு வருவாங்க. போன வாரத்திலேர்ந்தே சாயங்காலத்துல ஸ்பீடைக் குறைச்சு வெச்சுக்கீறேன். நீ போயி, ரவுட்டர் லோடு தாங்கலன்னு சொல்லு. தானா எடுப்பாங்க. பங்காருபேட்டைல இப்பிடித்தான் முடிச்சேன்."

பேசிக்கொண்டே ரகு மடியில் ஒரு ரவுட்டரை வைத்து, பெயின்ட் தின்னர் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அதன் நெற்றியில் இருந்த குங்குமம் துணியில் சிவப்பாக இழுத்துக்கொண்டு வந்தது. துடைத்து முடித்ததும் ஆபீஸ் ஸ்டிக்கரை ஒட்டிப் புதுப் பெட்டிக்குள் வைத்தான். ரத்தினம்மா லைன் பங்கு போட்டு வாங்கிய ரவுட்டர் அது. இனி வேறு ஒரு வீட்டில் 'புதிய ரவுட்டர்' என்று மாதம் நூற்றைம்பது சம்பாதிக்கும். வேலை போனால் மறுபடி ரயில். அந்தப் பயத்தில் நாகேஷ் ரத்தினம்மா வீட்டுக்குக் கிளம்பினான்.

ரத்தினம்மா வீட்டில் அவள் மகள் மமதா போனைச் சன்னலுக்கும் கதவுக்கும் தூக்கிக்கொண்டு நடந்தாள். நர்சிங் நுழைவுத் தேர்வுக்கு அதில்தான் வகுப்பு.

"சார் வாயைத் தொறந்தாரு, தொறந்தபடியே நிக்கறாரு. முதலை மாதிரி" என்றாள்.

"ரவுட்டர்..." என்று நாகேஷ் ஆரம்பித்தான். "லோடு தாங்கலக்கா."

ரத்தினம்மா சந்தேகப்படவே இல்லை. "அப்ப இத நான் தனியா வெச்சுக்கறேன், மத்தவங்க வேற எடுத்துக்கட்டும். பக்கத்துல டேவிட் வீட்டுக்கு முடியாது, அவருக்கு இப்ப வேலை இல்ல. அவங்க போனை மட்டும் என்னுதுல சேத்துக்கலாமா? உனக்கு ஒண்ணும் கஷ்டம் வராதே?"

தன்னை ஏமாற்றுகிறவனுக்குக் கஷ்டம் வருமா என்று அவள் கேட்டாள். அவள் திட்டியிருந்தால் நாகேஷ் அந்தப் பொய்யோடு வீட்டுக்குப் போயிருப்பான்.

"பொய்க்கா" என்றான். "ரவுட்டர் நல்லாத்தான் கீது. ஆபீஸ்லேர்ந்தே ஸ்பீடைக் குறைச்சு வெச்சுக்கீறாங்க, நீங்க வேற கனெக்‌ஷன் எடுக்கணும்னு."

மமதா நடப்பதை நிறுத்தினாள்.

"எங்க பழசைக் கொண்டாந்து மாட்டு" என்றாள் ரத்தினம்மா.

நாகேஷ் ஆபீஸுக்குத் திரும்பிப் போய்க் கேட்டான். ரகு கோபப்படவில்லை. அந்தப் பெட்டியை அவனே எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"தாராளமா மாட்டு. சொந்த ரவுட்டர் வெச்சிக்கறவங்களுக்கு இனிமே ஒரு சார்ஜ் போடலாம்னு இருக்கேன். 'வெளி ரவுட்டர் இணைப்பு.' மாசம் நூத்தம்பது. இந்த ஐடியாவே நீ குடுத்ததுதான்" என்று சிரித்தான். "உங்க லைன்லேர்ந்தே ஆரம்பி. உன்னைத்தான் நம்பறாங்க."

நாகேஷ் பெட்டியை எடுத்துக்கொண்டான். தன்னிடம் இருந்த ஆபீஸ் ஏணிக் கொட்டகையின் சாவியை, பெட்டி இருந்த இடத்தில் வைத்தான்.

"ரயில்ல போயி நசுங்கப் போறியா?" என்றான் ரகு.

"ஆமாண்ணா."

அன்று இரவே ரத்தினம்மா வீட்டில் பழைய ரவுட்டரை மாட்டினான். ரகு போடப்போகும் சார்ஜையும் வேலையை விட்டதையும் சொன்னதும் அவள் பாராட்டவில்லை.

"புத்தி கெட்டவனே, ஆபீஸ்ல நம்ம ஆளு ஒருத்தன் இருந்தான். இப்ப கம்ப்ளைண்ட் சொன்னா எவன் வருவான்? உன் பொண்டாட்டிக்கு இன்னா பதில் சொல்லப் போற?"

"தெரியலக்கா."

"அந்த வெளி சார்ஜையும் போடத்தான் போறான்."

"போடுவான்."

"போடட்டும். அதையும் முறையில சேத்துக்கறோம்" என்றாள். பிறகு பக்கத்துச் சுவரைத் தட்டி, "டேவிட்டு, நாளைக்கு ரயிலுக்குப் போறப்ப நாகேஷையும் எழுப்பு. அவனும் வரான்" என்று சொன்னாள்.

"எனக்கு எங்கக்கா வேலை இருக்கு, ரயிலுக்குப் போக?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டேவிட் குரல் வந்தது.

"தேடப் போ" என்றாள் ரத்தினம்மா. "ரெண்டு பேரும் சேந்து தேடுங்க."